டை அடிப்பதா, விட்டுவிடுவதா? – நரை பற்றிச் சில குறிப்புகள்

எனக்கு அப்போது வயது 45. பன்னிரண்டு வருஷம் இருந்த கம்பெனியில் என் ப்ராஜெக்ட் முடிந்து, இரண்டு மாதமாக பெஞ்சில் இருந்தேன். வெளியே ஒரு இடத்தில் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வீடியோ இன்டர்வியூ. "ரெஸ்யூம்ல காலேஜ் முடிச்ச வருஷத்தை எடுத்துடு மச்சி. தலைக்கு டையும் அடிச்சுடு. கேமரால நரை ரெண்டு மடங்கு தெரியும்" என்றான் கூடப் படித்த நண்பன்.

டை எனக்குப் புதுசு இல்லை. 36 வயதில் ஆரம்பித்தது, நாலு வாரத்துக்கு ஒரு தடவை. பெஞ்சில் இருந்த இரண்டு மாதம் மட்டும் சோம்பலில் விட்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கமான பாக்கெட்டை, வழக்கமான நிறத்தை வாங்கி அடித்தேன். ஞாயிறு மத்தியானம் பின்கழுத்தில் அரிப்பு. வியர்க்குருன்னு நினைச்சேன். திங்கள் காலை எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரண்டு இமையும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. காதோரம் நீர் கசிந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க இது, தேனீ கொட்டின மாதிரி இருக்கு" என்று பதறிப்போனாள்.

இன்டர்வியூவைத் தள்ளி வைக்கச் சொல்லி மெயில் அனுப்பக்கூட என் பெண்தான் டைப் பண்ண வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் சில மாதங்கள் நரையைப் பற்றியும் டையைப் பற்றியும் கிடைத்ததை எல்லாம் படித்தேன். நான் மருத்துவன் இல்லை, படித்தது பி.இ. ஆனால் ஒரு சிஸ்டம் ஏன் ஃபெயில் ஆச்சுன்னு தோண்டிப் பார்ப்பது என் தொழில். அப்படித் தோண்டியதில் கிடைத்த குறிப்புகள் இவை. டை அடிக்கலாமா விட்டுவிடலாமா என்று கண்ணாடி முன்னால் நிற்கிற நாற்பது வயதுக்காரர்களுக்குப் பயன்படலாம்.

1. முடி எங்கே வெளுக்கிறது?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நாம் பார்க்கிற முடி உயிரில்லாத பொருள், கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார். உயிர் இருப்பது தோலுக்கு அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள மயிர்க்காலில். அங்கே மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இருக்கின்றன. முடி நாராக உருவாகும்போதே இவை மெலனின் என்ற நிறமியை அதற்குள் செலுத்திவிடும். வெளியே வந்த பிறகு அதற்கு நிறம் கொடுக்க உடம்புக்கு வழியே கிடையாது.

"போர் தண்ணி மாத்தினதிலிருந்து நரைச்சுடுச்சு", "ஹெல்மெட் போட்டதால நரை" என்று ஆபீசில் அடிக்கடி கேட்பேன். தண்ணீரும் ஹெல்மெட்டும் தொடுவது வெளியே உள்ள நாரைத்தான். அதை வறட்சியாக்கலாம், உடைக்கலாம். நிறம் தீர்மானமாவது அதற்கு முன்பே, உள்ளே. ஒன்றைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பதும் இதே வகைதான். ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனி யூனிட். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்து யூனிட்டுக்குத் தகவல் போவதில்லை. பிடுங்கிய இடத்தில் மறுபடி அதே வெள்ளைதான் வரும். அடிக்கடி பிடுங்கினால் மயிர்க்காலே கெட்டு, அதுவும் வராமல் போகலாம்.

ஒரு முடி சில வருஷம் வளரும், உதிரும், அதே இடத்தில் புதிது முளைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது நிறமிச் செல்கள் வேண்டும். அவற்றைத் தருவது மயிர்க்காலில் இருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். இவை நிறமிச் செல்களின் கையிருப்பு. இந்தக் கையிருப்பு தீர்ந்தாலோ வேலை செய்யாமல் முடங்கினாலோ அந்த மயிர்க்காலிலிருந்து அடுத்து வருவது வெள்ளை. 2023இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று நேச்சர் இதழில் எலிகளை வைத்து இதைக் காட்டியது. இந்தக் குருத்தணுக்கள் மயிர்க்காலுக்குள் இடம் மாறி மாறி வேலை செய்ய வேண்டியவை. வயதாக ஆக அவற்றில் பல ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிறமிச் செல்லாக மாற முடியாமல் போகின்றன.

இன்னொன்று. சாம்பல் நிறமாகத் தெரியும் தலையில் சாம்பல் நிற முடியைத் தேடிப் பாருங்கள், அதிகம் கிடைக்காது. பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்துதான் இருக்கும். பழைய செய்தித்தாள் படங்களில் கறுப்புப் புள்ளியையும் வெள்ளைத் தாளையும் வைத்துச் சாம்பலைக் காட்டினார்களே, அதே வித்தைதான். ஆண்களுக்குப் பொதுவாக காதோரத்தில் தொடங்கி, உச்சிக்குப் போய், பிடரிக்குக் கடைசியில் வரும். தாடியும் மீசையும் தனிக் கணக்கு.

2. பிசிராந்தையார் சொன்னது சரியா?

புறநானூற்றின் 191ஆம் பாட்டு பலருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஞாபகம் இருக்கும். வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர்கள் சொல்வதைப் புரிந்து நடக்கிறார்கள், அரசன் நியாயமானவன், ஊரில் சான்றோர் பலர் என்கிறார் பிசிராந்தையார். அதாவது டென்ஷன் இல்லை, அதனால் நரை இல்லை. நரையைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய ஹைப்பாதிசிஸ் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு 2020இல் ஒரு பக்கபலம் வந்தது. ஹார்வர்டில் யா-சியே ஷு என்பவரின் குழு, எலிகளை மன அழுத்தத்துக்கும் வலிக்கும் உட்படுத்தியபோது அவற்றின் ரோமம் வெளுத்ததைக் கண்டது. காரணம் தேடிப் போனால், ஆபத்து நேரத்தில் நம்மைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் மயிர்க்கால்வரை செல்கின்றன. அவை அங்கே நார்அட்ரினலினைக் கொட்டுகின்றன. குருத்தணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உசுப்பப்பட்டு, நிறமிச் செல்லாக மாறி, கையிருப்பு காலியாகிவிடுகிறது.

அடுத்த வருஷம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிக்கார்டு குழு மனிதர்களிடம் பார்த்தது. 14 பேரின் தனித்தனி முடிகளை எடுத்து, நீளவாக்கில் மிக நுணுக்கமாக நிறத்தை அளந்தார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும் என்பதால், ஒரு முடி என்பது நேர முத்திரையிட்ட லாக் ஃபைல் மாதிரி. சிலரிடம் வெளுத்த முடி பாதியில் மறுபடி கறுத்திருந்தது. ஒருவருக்கு விடுமுறைக்குப் போன காலத்தில் ஐந்து முடிகள் நிறம் திரும்பியிருந்தன.

உடனே லீவு போட்டுக் கொடைக்கானலுக்குக் கிளம்ப வேண்டாம். நரைக்கும் விளிம்பில் நிற்கும் ஒரு சில முடிகளுக்குத்தான் இது நடக்கிறது. வருஷக்கணக்காக வெளுத்த முடி இப்படித் திரும்பும் என்று அந்தக் குழுவே சொல்லவில்லை. பெரும்பங்கு பரம்பரைதான். 2016இல் லத்தீன் அமெரிக்கர்கள் 6,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்ததில், ஐஆர்எஃப்4 என்ற மரபணுவுக்கு நரையோடு தொடர்பு இருப்பது தெரியவந்தது. எனவே பிசிராந்தையாருக்கு நான் பாதி மார்க் போடுவேன். நல்ல மனைவி மக்களோடு நல்ல அப்பா அம்மாவும் வாய்த்திருக்க வேண்டும், ஜீன் விஷயத்தில்!

ஆசியர்களில் 25 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அப்படி வந்தால் "பித்தம்"னு சொல்லி எண்ணெய் மட்டும் தேய்க்காமல், வைட்டமின் பி12, தைராய்டு, இரும்புச்சத்து மூன்றையும் ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. புகைப்பழக்கத்துக்கும் சீக்கிர நரைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

3. டை என்ன செய்கிறது?

டையைப் பெயின்ட் மாதிரி மேலே பூசுவது என்றுதான் நானும் ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். நிரந்தர டை அப்படி வேலை செய்வதில்லை.

பாக்கெட்டில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்றில் அம்மோனியா அல்லது அது மாதிரியான காரப்பொருள். முடியின் வெளிப்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கிறது, காரம் பட்டதும் அந்தச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில் பாரா-ஃபெனிலின்டையமின் என்ற சின்ன மூலக்கூறு உள்ளே போகும். சுருக்கமாக பிபிடி. அதற்குத் தனியாகப் பெரிய நிறம் எதுவும் இல்லை. இரண்டாவது டியூபில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது உள்ளே போய் பிபிடியை ஆக்சிஜனேற்றம் செய்ய, சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கறுப்பு மூலக்கூறுகள் ஆகும். உள்ளே போகும்போது சின்னது, வெளியே வர முடியாத அளவுக்குப் பெரியதாகிவிட்டது. சீசாவுக்குள் கப்பல் கட்டுவது போல. அதனால்தான் ஷாம்பு போட்டாலும் போவதில்லை. கிண்ணத்தில் கலக்கும்போது வெளிறி இருக்கும் கிரீம் பத்து நிமிஷத்தில் கறுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே வினைதான்.

இந்த வேதியியல் சாயப்பட்டறையிலிருந்து வந்தது. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் கொய்னா மருந்து செய்யப் போய், தற்செயலாக முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றான மாவ் நிறத்தைக் கண்டுபிடித்தான். பெர்க்கினின் ஆசிரியர் ஹாஃப்மன் 1863இல் பிபிடி காற்றுப்பட்டால் கறுப்பதைக் குறித்து வைத்தார். 1907இல் பாரிஸில் யூஜின் ஷுவெல்லர் என்ற வேதியியலாளர் செயற்கை முடிச்சாயம் ஒன்றைத் தயாரித்துச் சலூன்களுக்கு விற்றார். அவருடைய கம்பெனிதான் பிற்பாடு லோரியால் ஆனது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் நிரந்தரக் கறுப்பு டையின் மையப்பொருள் இன்றைக்கும் பிபிடியும் அதன் உறவினர்களும்தான்.

4. ஒன்பது வருஷம் ஒன்றும் ஆகாமல், திடீரென்று ஏன்?

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வருஷமா அடிக்கிறீங்க?"

"ஒன்பது வருஷமா, மேடம். ஒரு தடவைகூட எதுவும் ஆனதில்லை."

"அதனாலதான் இப்ப ஆயிருக்கு" என்றார்.

அப்போது புரியவில்லை. பிபிடி தோலுக்குள் போய் நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, உடம்பின் டி செல்கள் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு பதிந்துகொள்ளலாம். இது முதல் தடவையிலும் நடக்கலாம், நூறாவது தடவையிலும் நடக்கலாம். ஒவ்வொரு முறை அடிப்பதும் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. பரிசு விழுந்தால் அதைத் திருப்பித் தர முடியாது. டி செல்களின் நினைவு பல வருஷங்கள், பெரும்பாலும் ஆயுசு முழுக்க இருக்கும்.

இந்த வகை ஒவ்வாமை உடனே தெரியாது. டி செல்கள் கூட்டம் சேர்ந்து வருவதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் அடித்தது திங்கட்கிழமை காலை வெடித்தது அதனால்தான். இமைத் தோல் மிக மெல்லியது, எனவே தலையில் பட்டது கண்ணில் தெரிகிறது.

அலர்ஜி டெஸ்ட் பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படியே டை பாக்கெட்டில் இந்த எச்சரிக்கையும், இமைக்கும் புருவத்துக்கும் போடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் படித்ததில்லை. படித்தவர்களும் முதல் தடவை மட்டும் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வாமை எந்த முறையும் வரலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய டெஸ்ட் இது.

எனக்கு வீக்கம் அடங்கிய பிறகு முதுகில் பரிசோதனைப் பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். பிபிடி இருந்த வட்டம் மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. "இனி வாழ்நாள் முழுக்க நிரந்தரக் கறுப்பு டை வேண்டாம். சில மரத்துப்போகும் மருந்துகளும், சில துணிச் சாயங்களும்கூட ஒத்துக்காம போகலாம், எந்த டாக்டர்கிட்ட போனாலும் சொல்லிடுங்க" என்றார். ஆக எனக்கு "அடிப்பதா, விடுவதா" என்ற கேள்வியே இல்லாமல் போனது. உங்களுக்கு அது இன்னும் இருக்கிறது.

5. "அம்மோனியா இல்லை", "ஹெர்பல்", மருதாணி

அம்மோனியா இல்லை என்று போட்டால் பிபிடி இல்லை என்று அர்த்தம் இல்லை. நெடி அடிக்கும் அம்மோனியாவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் எத்தனாலமைன் என்ற வேறு காரம் இருக்கும். செதிலைத் தூக்கும் வேலையை அது செய்யும். உள்ளே போவது பழைய ஆள்தான்.

"ஹெர்பல்" பாக்கெட்டுகளில் இன்னும் கவனம் தேவை. தூய மருதாணி வெள்ளை முடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பைத்தான் தரும். அதன் நிறமி லாசோன். அது எந்தக் காலத்திலும் தனியாகக் கறுப்பைத் தராது. எனவே "கறுப்பு மருதாணி" என்று எழுதி, அரை மணி நேரத்தில் தலையைக் கறுப்பாக்கும் பொடி எதுவானாலும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பல பாக்கெட்டுகளில் பிபிடி இருப்பது அங்கேதான் தெரியும்.

நிஜமாகவே செடியிலிருந்து கறுப்பு வேண்டுமானால் இரண்டு கட்ட வேலை. முதலில் மருதாணி. அலசியபின் அவுரி இலைப் பொடி. அவுரி நீலம் தரும், கீழே உள்ள ஆரஞ்சோடு சேர்ந்து அடர் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். அவுரி விளைவது தூரத்தில் எங்கேயோ இல்லை, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில்தான். நானும் இரண்டு முறை செய்து பார்த்தேன். மொத்தம் நாலு மணி நேரம், பாத்ரூம் முழுக்க பச்சை. வாசனை எனக்குப் பிடித்திருந்தது, வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை பொறுமை இல்லை.

ஆண்களைக் குறிவைத்து விற்கப்பட்ட இன்னொரு வகை, தினமும் தடவத் தடவ மெதுவாகக் கறுக்கும் திரவங்கள். யாருக்கும் தெரியாமல் கறுப்பாகலாம் என்பதுதான் விளம்பரம். அவற்றில் இருந்தது ஈய அசிடேட். முடியில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பு ஈய சல்பைடாகப் படியும். ஈயம் நஞ்சு. அமெரிக்காவின் எஃப்டிஏ 2018இல்தான் இதற்கான அனுமதியை நீக்க முடிவெடுத்தது. பாட்டில் மேல் ஈயம் என்ற சொல் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

6. கேன்சர் வருமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை இரண்டாகப் பிரிக்கிறது. சலூனில் வருஷக்கணக்காக டை கலந்து போடும் தொழிலாளிகளுக்கு அந்தத் தொழில் "அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது" என்ற வகையில் வருகிறது. சொந்தத் தலைக்கு அடித்துக்கொள்பவர்களைப் பொறுத்தவரை, வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு 1,17,200 அமெரிக்க நர்ஸுகளை 36 வருஷம் தொடர்ந்தது. டை பயன்படுத்தியவர்களுக்குப் பெரும்பாலான புற்றுநோய்களில் அபாயம் கூடவில்லை, ஒரு சில வகைகளில் மட்டும் சின்ன ஏற்றம் இருந்தது. அத்தனை பேரும் பெண்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நமக்கு நிஜமான அபாயம் கேன்சரைவிட ஒவ்வாமை. அதைவிட முக்கியம், கையுறை இல்லாமல் தினமும் பத்துப் பேருக்கு டை போடுகிற சலூன் தம்பியைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. அவர் கையுறை போட்டால் "என்ன தம்பி, என் தலை அழுக்கா?" என்று கேட்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சின்ன உதவி.

7. ஒரு சின்னக் கணக்கு

இன்ஜினியர் என்பதால் இதைப் போடாமல் இருக்க முடியவில்லை.

முடி மாதத்துக்கு 1 செ.மீ. வளரும். அப்படியானால் இரண்டு வாரத்தில் அடியில் அரை செ.மீ. வெள்ளைக் கோடு. பெண்களுக்கு நீள முடியில் அது வகிட்டில் மட்டும் தெரியும். நமக்குக் காதோரம் மொத்த நீளமே ஒன்றரை செ.மீ. தான். ஆறு வாரத்தில் காதோரம் முழுசும் புது முடி. அதனால்தான் ஆண்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அடிக்க வேண்டியிருக்கிறது. 40 முதல் 60 வயதுவரை, வருஷத்துக்கு 15 முறை என்றால் 300 முறை. ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் வைத்தால் 225 மணி நேரம். முதல் தடவை அடிக்கும்போது நாம் ஒரு முடிவு எடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் எடுப்பது 300 தவணை உள்ள சப்ஸ்கிரிப்ஷன்.

இதே கணக்கு விடும்போது நமக்குச் சாதகம். இடுப்புவரை, 60 செ.மீ. முடி உள்ள பெண் டையை விட்டால், சாயம் முழுக்க வெளியேற ஐந்து வருஷம். நமக்கு மூன்று நாலு முடிவெட்டு போதும்.

8. நரையை யார் படிக்கிறார்கள்?

இதுவரை சொன்னது ரசாயனம். டை அடிக்கிற முடிவை யாரும் ரசாயனத்தை வைத்து எடுப்பதில்லை. பஸ்ஸில் ஒரு காலேஜ் பையன் எழுந்து "உக்காருங்க பெரியவரே" என்று சொன்ன அன்றைக்கு எடுக்கிறோம்.

பழமொழி நானூற்றில் ஒரு சோழனின் கதை வருகிறது. அவன் கரிகாலன் என்பது மரபு. வழக்கோடு வந்த முதியவர்கள், இந்தச் சின்னப் பையனா நீதி சொல்லப்போகிறான் என்று தயங்குகிறார்கள். அவன் நரைமுடி வைத்துக்கொண்டு கிழவன் போல வந்து தீர்ப்புச் சொல்கிறான். அவர்களுக்குத் திருப்தி. ஆள் ஒருவன்தான், அறிவு ஒன்றுதான். பார்க்கிறவர்களுக்கு வேண்டியிருந்தது நரை.

நம் ஐடி துறையில் இது தலைகீழ். ஒரே ஆபீசிலேயே இரண்டு மாதிரியும் நடக்கும். கிளையன்ட் முன்னால் ஆர்க்கிடெக்ட்டாக உட்காரும்போது நரை அனுபவமாகத் தெரியும். கோடிங் வேலைக்கு இன்டர்வியூ போகும்போது அதே நரை "புதுசு கத்துக்குவாரா?" என்ற சந்தேகமாகத் தெரியும். அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களை வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே தனியார் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. எனவே "நரைதான் அழகு, தைரியமா இருங்க"ன்னு சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 2011இல் மங்காத்தாவில் அஜித் நரையோடு வந்த பிறகு சால்ட் அண்ட் பெப்பர் ஸ்டைல் ஆனது உண்மைதான். ஆனால் அஜித்துக்கு யாரும் வீடியோ இன்டர்வியூ வைக்கவில்லை.

என் இன்டர்வியூ பத்து நாள் கழித்து நடந்தது. மருந்து தடவுவதற்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தேன். நுனி கறுப்பு, அடி வெள்ளை, பார்க்கச் சகிக்காது. நல்லாத்தான் பேசினேன், அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் முழு நரையோடு போய் உட்கார்ந்தேன், கிடைத்தது. அங்கே நரையால் போச்சு, இங்கே நரையால் வந்தது என்று இரண்டையும் சொல்ல முடியாது. இரண்டு டேட்டா பாயிண்ட்டை வைத்துக் கோடு போடக் கூடாது.

9. சரி, என்னதான் செய்வது?

அடிப்பது என்று முடிவெடுத்தால்: ஒவ்வொரு முறையும் 48 மணி நேர டெஸ்ட். தலையில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால் தள்ளிப் போடுங்கள். கையுறை போடுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதிக நேரம் வைத்தால் அதிகக் கறுப்பு வராது. லேசாக அரித்தாலும் அது வார்னிங், அடுத்த தடவை எர்ரர். மை மாதிரி கறுப்பைவிட ஒரு படி குறைந்த அடர் பழுப்பு நிறம், வேர் வெளுக்கும்போது அவ்வளவு உறுத்தாது. கல்யாணம், இன்டர்வியூ மாதிரி முக்கியமான நாளுக்கு முந்தின நாள் அடிக்காதீர்கள். ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். இது என் சொந்தச் செலவில் கற்ற பாடம்.

விடுவது என்று முடிவெடுத்தால்: ஒட்ட வெட்டிவிட்டு, ஒரு நீண்ட விடுமுறையோடு தொடங்குங்கள். இரண்டு மாதம் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். தாடியை ஒழுங்காக வெட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று முதல் மாதம் பத்துப் பேர் கேட்பார்கள். இரண்டாவது மாதம் யாரும் கேட்கமாட்டார்கள்.

10. அப்பா

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

என் அப்பா ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். 58இல் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புற ஜன்னல் கம்பியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மை அடித்துக்கொள்வார். 71 வயதில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாற்பது நாள் இருந்தார். தலையில் ஒன்றேகால் செ.மீ. போல வெள்ளை ஏறியிருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்து, "அந்த மையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாடா" என்றார். "இந்த நிலைமையில அது எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறு வீட்டுக்குப் போய் நான் என் தலைக்கு அடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு 38.

அவர் ஏன் கேட்டார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் "சார்". காய்கறிக் கடைக்காரரிலிருந்து பேங்க் மேனேஜர்வரை. அட்மிட் ஆன முதல் வாரம் நர்ஸுகளும் "சார், மாத்திரை போடுங்க" என்றுதான் சொன்னார்கள். வெள்ளை ஏற ஏற, அது "தாத்தா, வாயைத் திறங்க" ஆகிவிட்டது. அன்பாகத்தான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒரு டியூப் மையால் அவருக்கு நோய் குணமாகியிருக்காது. மருத்துவர்கள்கூட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் அவர்களைக் கேட்கக்கூட இல்லை. முடியை ஒட்ட வெட்டிவிடவாவது யாரையாவது கூப்பிட்டிருக்கலாம், அதுவும் தோன்றவில்லை.

இப்போது என் தலை முக்கால்வாசி வெள்ளை. எனக்கு வேறு வழி இல்லாததால் வந்தது இது, கொள்கையால் வந்தது இல்லை. அதனால் 65 வயதில் டை அடித்துக்கொண்டு வருகிற யாரையாவது ஆபீசில் கிண்டல் செய்தால் நான் சிரிப்பதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிச்சீங்களா என்று மட்டும் கேட்கிறேன்.